சொந்தப் பொறுப்பில் ஏறவும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு நீங்க யாரும் கேட்கலை (ஹி ஹி). இருந்தாலும் சொல்லிடறேன். ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறது பாதி காரணம். மீதி காரணம் ஒரு மரப்படி.

நம்ம பதிவுகள்ல ஒரு பழக்கம் உண்டு. எதையாவது எழுதி முடிச்சதும் கீழே 'டிஸ்கி' போடுவோம். "இதில் வரும் சம்பவங்கள் யாரையும் குறிப்பிடுவன அல்ல", "படித்துவிட்டுத் தலைவலி வந்தால் கம்பெனி பொறுப்பல்ல" இப்படி. நானும் எக்கச்சக்கமா போட்டிருக்கேன். இந்த 'பொறுப்பல்ல' எங்கிருந்து வந்துச்சு, சட்டத்துக்கு முன்னாடி அது நிக்குமா, நிக்காதான்னு யோசிச்சதே கிடையாது. போன பொங்கலுக்கு அப்புறம்தான் யோசிச்சேன்.

காரைக்குடிப் பக்கத்துல எங்க கிராமத்துக்கு, சித்தப்பா, சித்தி, அத்தை பிள்ளைகளோட என் டீம் பசங்க ரெண்டு பேரும் வந்திருந்தாங்க. எல்லாரும் போனையே முறைச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்களேன்னு, அதே போனை வச்சு ஒரு விளையாட்டு ஏற்பாடு பண்ணினேன். ஊரைச் சுத்தி அஞ்சு எவர்சில்வர் டப்பாவை ஒளிச்சு வைக்கறது. ஒவ்வொண்ணுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை வாட்ஸப்ல அனுப்பறது. மேப் பார்த்துக் கண்டுபிடிக்கணும். வெளிநாட்டுல இதுக்கு 'ஜியோகேச்சிங்'னு பேர்.

அந்தத் தளங்கள்ல எல்லாம் நீளமா ஒரு பொறுப்புத் துறப்பு இருக்கும். நமக்கும் ஒண்ணு இருந்தா கெத்தா இருக்குமேன்னு, அதைப் பார்த்து ஒரு கூகுள் ஃபார்ம் தயார் பண்ணினேன். "இந்த விளையாட்டில் என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன். காயம், இழப்பு எதற்கும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல." சிரிச்சுக்கிட்டே எல்லாரும் டிக் அடிச்சாங்க.

அஞ்சாவது டப்பாவை ஒரு பாழடைஞ்ச வீட்டோட மாடியில வச்சிருந்தேன். செட்டிநாட்டுப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரு இப்படி ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரங்க வெளியூர்ல. விளக்கேத்தறதுக்காக சாவி எங்க அப்பத்தாகிட்ட இருந்துச்சு. ரெண்டாம் கட்டு மரப்படியில சித்தி பையன் ஏறினான். பாதியில ஒரு படி உளுத்துக் கொட்டி, கால் உள்ளே போய், ஆள் சரிஞ்சு விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரியில அவன் சொன்னதுதான் என்னை உறுத்துச்சு. "விடுண்ணே, நான்தான் ஓகே குடுத்துட்டேனே. உன் மேல என்ன தப்பு?"

வீட்டுக்கு வந்தா அப்பத்தா திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க.

"ஏண்டா, அந்தப் படி உளுத்துப் போனது ஒனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் அப்பத்தா. மொத நாள் டப்பா வைக்கப் போனப்பவே கிறீச்னு சத்தம் கேட்டுச்சு."

"அதை அவன்கிட்ட சொன்னியா?"

"எழுதி வாங்கியிருந்தேனே, சொந்தப் பொறுப்புன்னு..."

"அதுல படியைப் பத்தி எழுதியிருந்தியாடா?"

என்கிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்வியோடதான் அடுத்த ரெண்டு மாசமும் கிடைச்ச நேரத்துல எல்லாம் இந்தப் 'பொறுப்பல்ல'வோட சரித்திரத்தைத் தேடிப் படிச்சேன். படிச்சதை உங்ககிட்ட கொட்டறதுக்குத்தான் இந்தப் பதிவு.

விளையாட்டு பிறந்த கதை

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும், பொதுமக்கள் கையில் இருந்த ஜிபிஎஸ் கருவிகளுக்கு அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையான சிக்னலைத்தான் கொடுத்து வந்தது. எதிரி நாட்டுக்காரன் துல்லியமாகப் பயன்படுத்திவிடக் கூடாதே என்ற பயம். அதிபர் கிளிண்டன் உத்தரவின் பேரில் மே 2-ஆம் தேதி அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஒரே ராத்திரியில் கருவிகளின் துல்லியம் பல மடங்கு கூடிவிட்டது. மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் ஊர்ப் பக்கம் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு காட்டோரம் வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். தேடிப் போகிறவர்கள் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஒரு பொருளை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அந்த மாதக் கடைசியிலேயே ஜியோகேச்சிங் என்று பெயரும் வந்தது. செப்டம்பரில் அதற்கென்று தனித் தளமும் வந்துவிட்டது.

விளையாட்டு பெருகப் பெருக விதிகளும் வந்தன. டப்பாவை மண்ணில் புதைக்கக் கூடாது. இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவையும் தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகே பட்டியலில் ஏற்றுவார்கள். (நான் ரெண்டாவது விதியிலேயே அவுட். சாவி கையில இருந்தா அனுமதி ஆகிடுமா?)

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிச்சேன். அந்தத் தளங்களில் ஆபத்தைப் பற்றி ரெண்டு இடத்தில் பேச்சு வருகிறது. ஒன்று, கீழே பொடி எழுத்தில்: தேடிப் போவதில் உள்ள அபாயம் எல்லாம் உங்களுடையது. இன்னொன்று, ஒவ்வொரு டப்பாவுக்கும் பக்கத்திலேயே: கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு மதிப்பு, போகிற தரை எவ்வளவு கஷ்டம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை இன்னொரு மதிப்பு. தரை மதிப்பு ஐந்து என்றால் கயிறோ படகோ மாதிரி தனிச் சாதனம் இல்லாமல் போக முடியாது. கூடவே பாறைச் சரிவு, விஷச் செடி, வேட்டைப் பகுதி என்று குட்டிக் குட்டிப் படங்கள்.

முதலாவது, கை கழுவுவது. இரண்டாவது, எச்சரிப்பது. நான் முதலாவதை மட்டும் காப்பி அடிச்சிருக்கேன்.

தலைப்பெழுத்தில் ஏன் கத்துகிறார்கள்?

நம்ம தொழிலுக்கு இது புதுசில்லை. நாம எழுதற ஓப்பன் சோர்ஸ் நிரல்ல நிறைய எம்.ஐ.டி. லைசென்ஸ். அதில் ஒரு பத்தி முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும்: இந்த மென்பொருள் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது என்று. காலேஜ்ல படிக்கும்போது, ஏன்டா இப்படிக் கத்தறாங்கன்னு தோணும். காரணம் அமெரிக்க வணிகச் சட்டம். அங்கே பொருளை விற்கிறவர், தரத்துக்கான உத்தரவாதம் கிடையாது என்று எழுதிக் கொடுப்பதானால், அந்த வாசகம் வாங்குபவரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று 1950-களில் உருவான பொது வணிகச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கண்ணில் படுவதற்கு வக்கீல்கள் கண்டுபிடித்த சுலபமான வழி, பெரிய எழுத்து.

அதாவது துறப்பு செல்ல வேண்டும் என்றால் முதலில் அது எதிராளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சண்டை அமெரிக்காவில் ஆரம்பிச்சது இல்லை. கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னாடி, குதிரை வண்டிக் காலத்துச் சண்டை.

குதிரை வண்டியும் 1865-ஆம் வருடச் சட்டமும்

இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சரக்கும் பார்சலும் கொண்டு போன குதிரை வண்டிக்காரர்களை 'பொது ஏற்றிச் செல்வோர்' என்று சட்டம் வகைப்படுத்தியிருந்தது. ஒப்படைத்த சரக்கு தொலைந்தால், இயற்கைச் சீற்றம் மாதிரி ஒரு சில காரணங்கள் தவிர, அவர்களே பொறுப்பு. கிட்டத்தட்ட இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி. இதிலிருந்து தப்பிக்க அவர்கள் ஆபீஸ் சுவரில் போர்டு மாட்ட ஆரம்பித்தார்கள்: இத்தனை பவுண்டுக்கு மேல் நாங்கள் பொறுப்பல்ல. சரக்குக் கொடுத்தவர் போர்டைப் பார்த்தாரா, படிக்கத் தெரிந்தவரா, மங்கலான வெளிச்சத்தில் தெரிந்திருக்குமா என்று கோர்ட்டில் ஓயாத வாதம்.

1830-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு இதை முடித்தது. தங்கம், கண்ணாடி, பட்டு போன்ற பொருட்கள் பத்து பவுண்டு மதிப்புக்கு மேல் இருந்தால் கொடுப்பவர் சொல்லிவிட வேண்டும், வண்டிக்காரர் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம், அந்தக் கட்டண விவரத்தைத் தெளிவாக எழுதி மாட்ட வேண்டும். மற்றபடி, போர்டு மாட்டுவதால் மட்டும் பொறுப்பு குறையாது.

இதே யோசனை இந்தியாவுக்கு 1865-ஆம் ஆண்டின் ஏற்றிச் செல்வோர் சட்டமாக வந்தது. அதன் 6-ஆம் பிரிவைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. பொது அறிவிப்பு எதுவும் பொறுப்பைக் குறைக்காது. குறைக்க வேண்டுமானால் சரக்குக்காரர் கையெழுத்துப் போட்ட தனி ஒப்பந்தம் வேண்டும். அடுத்து 8-ஆம் பிரிவு: வண்டிக்காரரின், அவர் ஆட்களின் அலட்சியத்தால் சரக்கு தொலைந்தால் அவர் பொறுப்புதான். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 2011-இல் நடைமுறைக்கு வந்து இதன் இடத்தைப் பிடிக்கும் வரை, கிட்டத்தட்ட 145 வருடம் இந்தச் சட்டம் இருந்தது. அத்தனை காலமும் லாரி ஆபீஸ் சுவர்களில் 'கம்பெனி பொறுப்பல்ல' போர்டும் இருந்தது என்பது வேறு விஷயம் :-)

லாண்டரி ரசீது

போர்டு போய் ரசீது வந்தது. சுவரில் எழுதினால்தானே செல்லாது, கையில் கொடுக்கிற சீட்டில் அச்சடித்துவிட்டால்? 1877-இல் இங்கிலாந்து ரயில்வே ஸ்டேஷன் ஒன்றில் பையை ஒப்படைத்து, அது தொலைந்து போனவரின் வழக்கு இதற்குப் புகழ்பெற்றது. சீட்டின் பின்பக்கம் நிபந்தனை இருக்கிறது என்பதை வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த நியாயமான அளவு முயற்சி எடுத்தார்களா என்பதுதான் கேள்வி என்றார்கள். எடுத்திருந்தால், அவர் படிக்காமல் விட்டிருந்தாலும் நிபந்தனை அவரைக் கட்டும்.

நம்ம ஊர் வழக்கு ஒன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் 1960-களில் வந்தது. சட்டம் படிக்கிற பசங்களுக்கு லில்லி ஒயிட் வழக்கு என்றால் தெரியும். சலவைக் கடையில் போட்ட புதுச் சேலை தொலைந்துவிட்டது. ரசீதில், துணி தொலைந்தால் அதன் மதிப்பில் 15 சதவீதம்தான் கேட்க முடியும் என்று அச்சடித்திருந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது. இப்படி ஒரு நிபந்தனையை அனுமதித்தால், எந்தச் சலவைக் கடைக்காரரும் புதுத் துணியைத் 'தொலைத்துவிட்டு' 15 சதவீத விலைக்குத் தானே வைத்துக்கொள்ள முடியுமே! இதுல சேலைக்கு நடந்தது எலும்புக்கும் பொருந்தும்னு எனக்குத் தோணுச்சு. முன்கூட்டியே தப்பிக்க வழி எழுதிக்கிட்டவனுக்கு, கவனமா இருக்கணும்ங்கற கட்டாயம் குறைஞ்சிடுது. ஃபார்மை அனுப்பினப்புறம் எனக்கே மனசு லேசாயிடுச்சு. படி ஞாபகமே வரலை.

ஒரு மாருதி ஜென், ஒரு செட்டிநாட்டுத் தொடர்பு

1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர், தன் மாருதி ஜென் காரின் சாவியை வாசலில் ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நள்ளிரவு தாண்டித் திரும்பி வந்தால் காரைக் காணோம். அவரிடம் கொடுத்த சீட்டில், வண்டி உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் என்று அச்சடித்திருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஹோட்டல் மீது வழக்குப் போட்டது. 21 வருடம் கழித்து, 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஊழியரிடம் சாவியைக் கொடுத்த பிறகு, ஹோட்டல் தன் அலட்சியத்துக்கான பொறுப்பை ஒரு சீட்டு வாசகத்தால் உதறிவிட முடியாது.

அந்த இன்சூரன்ஸ் கம்பெனி, யுனைடெட் இந்தியா. அதன் ஆரம்பகால வரலாற்றில் முக்கியமான பெயர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்து இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கைத் தொடங்கினாரே, அவரேதான்.

இதைப் படிச்சதும் எங்க ஊரோட பழைய கணக்கு வழக்கு ஞாபகம் வந்துச்சு. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்த காலத்தில், ஒவ்வொரு கடைக்கும் ஒரு 'விலாசம்' இருக்கும். நாம தபாலுக்கு எழுதற விலாசம் இல்லை. முதலாளி குடும்பத்தின் முதலெழுத்துகள், அதுதான் கடையின் பெயர். முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார், ஏஜண்ட் மூணு வருடக் கணக்கில் ரங்கூனில் கடையை நடத்துவார். பின்னால் வந்த பேங்குகள் மாதிரி அந்தக் கடைகள் லிமிடெட் கம்பெனி இல்லை. முதலாளி போட்ட முதல் வரைக்கும்தான் பொறுப்பு என்று கோடு கிழிக்க முடியாது. கடையின் கடனுக்கு வீடு, வாசல் எல்லாம் பொறுப்பு. ஏஜண்ட் ரங்கூனில் போட்ட கையெழுத்துக்குக் காரைக்குடி வீடு பதில் சொல்ல வேண்டும்.

உடனே எங்க ஊர்க்காரங்க எல்லாம் உத்தமர்கள்னு நான் கொடி பிடிக்கலை. அதே கடைகளில் கடன் வாங்கிய பர்மா விவசாயிகள், 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது நிலத்தை இழந்தார்கள். 1938 வாக்கில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் சுமார் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. நஷ்டம் என்று வந்தால் யாரோ ஒருத்தர் தலையில் அது விழத்தான் செய்யும். யார் தலையில் என்பதை ஒப்பந்தம் எழுதுகிற பேனா தீர்மானிக்கிறது. 'பொறுப்பல்ல' என்ற வாசகமும் அதைத்தான் செய்யப் பார்க்கிறது.

காரும் சேலையும் சரி, கையும் காலும்?

1964-இல் லண்டன் பக்கம் ஒரு தானியங்கி வண்டி நிறுத்தத்தில் விபத்தில் காயப்பட்ட ஒருவர் வழக்குப் போட்டார். உள்ளே மாட்டியிருந்த நிபந்தனைகளில், காயத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று இருந்தது. 1970 டிசம்பரில் டென்னிங் பிரபு அதை நிராகரித்தார். மெஷின் சீட்டைத் துப்பிய நொடியில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, உள்ளே போய்ப் படித்து என்ன பிரயோஜனம்? இவ்வளவு கடுமையான நிபந்தனை என்றால் சிவப்பு மையில், அதைச் சுட்டும் கை அடையாளத்தோடு காட்டியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1977-இல் பிரிட்டன் ஒரு படி மேலே போய், ஒரு தொழில் நடத்துபவரின் அலட்சியத்தால் உயிரோ உடம்போ பாதிக்கப்பட்டால் எந்தப் போர்டும் எந்த ஒப்பந்தமும் அந்தப் பொறுப்பை நீக்காது என்று சட்டமே போட்டுவிட்டது.

'தெரிந்தே சம்மதித்தவருக்கு வழக்கு இல்லை' என்று ஒரு பழைய ரோமானியக் கோட்பாடு உண்டு. சாகச விளையாட்டுக்காரர்கள் எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆனால் அதில் பிடி 'தெரிந்தே' என்ற சொல்லில் இருக்கிறது. பொதுவாக ஆபத்து இருக்கும் என்று தெரிந்தால் போதாது; எந்த ஆபத்து, எவ்வளவு என்று தெரிந்து சம்மதித்திருக்க வேண்டும். எங்க அப்பத்தா சட்டம் படிக்கலை. ஆனா திண்ணையில உட்கார்ந்து கேட்டது இதே கேள்வியைத்தான்.

இந்தியாவில் பிரிட்டனின் 1977 சட்டம் மாதிரி தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2006-இல் தன் 199-ஆவது அறிக்கையில் நியாயமற்ற ஒப்பந்த வாசகங்களுக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று சொன்னது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற வரையறை வந்தது. ஆனால் உயிர் போன இடங்களில் நீதிமன்றங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1995 மே மாதம் பதான்கோட் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போன குழந்தைகளில் 14 பேர் மூழ்கி இறந்தார்கள். குழந்தைகளைத் தன் பொறுப்பில் அழைத்துப் போன பள்ளி, பெற்றோர் காட்டும் கவனத்தைக் காட்டியிருக்க வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

நம்ம பக்கம் குரங்கணி. 2018 மார்ச் 11. தேனி மாவட்ட மலையில் இரண்டு குழுக்களாகப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் நம்ம மாதிரி ஐ.டி. ஆட்களும் உண்டு, வார விடுமுறைக்குக் கிளம்பியவர்கள். மலையேற்றத்துக்குப் பெயர் கொடுக்கும்போது 'சொந்தப் பொறுப்பில்' என்று டிக் அடிப்பது நம்மில் பல பேருக்குப் பழக்கம். நானும் பல தடவை அடிச்சிருக்கேன். அந்தப் பொடி எழுத்துல ஒரு தடவைகூட "மார்ச்சில் புல் காய்ந்திருக்கும், தீப்பிடித்தால் காற்று எந்தப் பக்கம், ஓட வேண்டிய வழி எது" என்று படிச்ச ஞாபகம் இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு அரசே ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், வழிகாட்டி கூட வருகிறார், காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடுகிறார்கள். மூடுவதுதான் இருக்கிறதிலேயே நேர்மையான எச்சரிக்கை என்று நினைக்கிறேன்.

சிராவயல் பொட்டலும் கிணற்று முள்ளும்

எங்க பக்கம் ஆபத்தைத் தெரிந்தே போகிற விளையாட்டு என்றால் மஞ்சுவிரட்டு. சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தொழுவில் இருந்து வருகிற மாடுகள் போக, பொட்டலிலும் வயலிலும் கட்டுமாடுகளை அங்கங்கே அவிழ்த்து விடுவார்கள். மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. 2009-இல் தமிழக அரசு கொண்டுவந்த ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம், பார்க்க வருகிறவர்கள் சொந்தப் பொறுப்பில் வரவும் என்று சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. இரட்டைத் தடுப்பு வேலி வேண்டும், பார்வையாளர் மேடை தாங்குமா என்று பொதுப்பணித் துறை சான்று தர வேண்டும் என்றது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, 2017 போராட்டத்துக்குப் பிறகு புதுச் சட்டமும் விதிகளும் வந்தன, 2023 மே மாதம் அது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனாலும் 2024 ஜனவரியில் சிராவயலில் மாடு முட்டி இருவர் இறந்தார்கள். ஒருவன் சிறுவன். மாடு பிடிக்கிறவனுக்கு ஆபத்து தெரியும்னு வாதாடலாம். பன்னிரண்டு வயசுப் பையனோ பதினைந்து வயசுப் பையனோ வேடிக்கை பார்க்க வந்து நின்னா, அவன் எதுக்குச் சம்மதிச்சான்னு சொல்லுவோம்?

அப்பத்தா அன்னிக்கு இன்னொண்ணும் சொன்னாங்க. அவங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப, காட்டுல கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறு இருந்தா, யார் கிணறா இருந்தாலும் சரி, அந்த வழியா போறவங்க கருவேல முள்ளை வெட்டி சுத்திப் போட்டுட்டுத்தான் போவாங்களாம். "நாங்க என்ன போர்டா வச்சோம்? எழுதப் படிக்க யாருக்குத் தெரியும்? முள்ளு குத்துனா மாடுகூட நின்னுரும்டா."

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளுக்கு 2010-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டு நெறிகளும் கிட்டத்தட்ட அந்த முள்தான். தோண்டும்போது அறிவிப்புப் பலகையோடு முள்வேலியும் போடு, வேலை முடிந்தால் மூடு. அது இருந்தும் 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை விழுந்து இறந்தது. விதி எழுதினவங்க மேல மட்டும் தப்பு சொல்ல முடியாது. முள் வெட்டிப் போட யாராவது குனியணும்.

நான் செஞ்சது

தம்பிக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. மணிக்கட்டு இன்னும் முழுசா திரும்பலை, பிசியோதெரபி போறான். செலவை நான்தான் பார்த்துக்கறேன். வேண்டாம்ங்கறான். "அந்த ஃபார்மை நான் டெலீட் பண்ணிட்டேன்டா, இனி நீ சம்மதம் குடுத்ததா ஆதாரமே இல்லை"ன்னு சொன்னேன். சிரிச்சான்.

வீட்டுக்காரங்களுக்கு போன் பண்ணி, கேட்காம உள்ளே போனதுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவங்க சம்மதத்தோட, அந்த மரப்படிக்குக் குறுக்கே ரெண்டு மூங்கிலைக் கட்டி, உளுத்த படிகள்ல சிவப்புப் பெயின்ட் அடிச்சுட்டு வந்தேன். டென்னிங் பிரபு பார்த்தா சந்தோஷப்படுவார் :-)

சித்திரைத் திருவிழாவுக்குப் பசங்க மறுபடி அந்த விளையாட்டைக் கேட்டாங்க. இந்தத் தடவை ஃபார்ம் கிடையாது. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு வரி மட்டும் எழுதினேன். "ஊருணிக் கரை: படிக்கட்டில் பாசி, கடைசி மூணு படி இறங்காதே." "ஆலமரம்: வடக்குப் பக்கக் கிளையில் தேன்கூடு இருக்கு, தெற்கால வா." இதை எழுதறதுக்காக ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு தடவை போய்ப் பார்க்க வேண்டியதாப் போச்சு. முன்னாடி அந்தத் துறப்பை எழுத எனக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. இதுக்கு ரெண்டு நாள். நாலு டப்பாதான் வச்சேன். அஞ்சாவதுக்கு ஒரு இடம் பார்த்தேன், அதைப் பத்தி எழுத உட்கார்ந்தப்ப எச்சரிக்கையே நாலு வரி வந்துச்சு. விட்டுட்டேன்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, சட்டப் புத்தகம் படிச்சுப் புரிஞ்சுக்கிட்ட மென்பொருள் ஆசாமி. உங்களுக்கு நிஜமாவே வழக்கு ஏதாவது இருந்தா நல்ல வக்கீலைப் பாருங்க. மேலே வருஷமோ விவரமோ தப்பா இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திடறேன். தப்புக்குப் பொறுப்பு நான்தான்.